பேக்கரிக்குப் பக்கத்தில் வக்கீல் ஆபீஸ்

பதினொரு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது, கோகிலவாணி துடைத்த மேசையையே மூன்றாம் தடவையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள், உடுமலையில் ஆடிக் காற்று கிளம்பிவிட்டால் துணியை மடித்து வைப்பதற்குள் மறுபடி மண் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது ஒரு காரணம், கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை என்பது இன்னொரு காரணம், பன்னிரண்டு மணிக்குப் பழைய ஆபீஸ் குமாஸ்தா பழனியப்பன் போன் பண்ணுவார் என்பதுதான் உள்ளபடியான காரணம். பண்ணி என்ன கேட்பார் என்பதும் தெரியும், அதற்குச் சொல்ல வேண்டிய பதில்தான் கையில் இல்லை. சீனியர் ஞானசிகாமணியிடம் பதினோரு வருஷம் ஜூனியராக இருந்துவிட்டு, தனியாக ஆபீஸ் போடப்போகிறேன் என்று போய் நின்றபோது அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், சண்டை போட்டுவிட்டு வந்தவளுக்குத் திரும்பிப் போகிற யோசனையே வராது, ஆனால் அந்த மனுஷன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே, "அதுக்கென்ன அம்மிணி, போய்ப் பாரு, ஆடி பதினெட்டு வரைக்கும் உன்ற சேர்ல வேற ஆளைப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். நல்ல மனசுதான். அந்த நல்ல மனசுதான் பதினெட்டு நாளாக அவளைப் போட்டுப் படுத்துகிறது. நாளைக்கு ஆடி பதினெட்டு. இன்றைக்கு மத்தியானம் குமாஸ்தாவிடம் வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ சொல்லியாக வேண்டும், சொல்வதற்கு அவளாகவே ஒரு கணக்கு வைத்திருந்தாள், ஆபீஸ் திறந்த அன்றைக்கே கணவர் மோகனசுந்தரத்திடம் சத்தியம் மாதிரிச் சொன்னது, ஒரே ஒரு ஆள், சொந்தமும் இல்லாமல், சிபாரிசும் இல்லாமல், தானாகக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து என்ற கேசை நடத்துங்க என்று சொல்லிவிட்டால் போதும், நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டேன். ஒரே ஒரு ஆள். கேட்பதற்குப் பெரிய ஆசையாகக்கூட இல்லை. அவளுக்கே தன் மேல் கொஞ்சம் சிரிப்பு வந்தது, துணியை உதறி நாற்காலி முதுகில் போட்டாள்.

யாருமே வரவில்லை என்று சொன்னால் அது பொய், வந்தார்கள், நிறையப் பேர் வந்தார்கள். முன்னே இது செல்போன் கடையாக இருந்தபடியால் ரீசார்ஜ் பண்ணுவதற்கு ஒன்பது பேர். ஜெராக்ஸ் எடுப்பீங்களா என்று கேட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பத்திரத்தாள் இருக்குதுங்களா என்று ஒரு பெரியவர், இல்லை என்றதும் வக்கீல் ஆபீஸில் பத்திரத்தாள் இல்லாமல் வேறு என்னதான் இருக்கிறது என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். கண்ணாடிக் கதவில் தன்னையே பார்த்து வேறு யாரோ என்று நினைத்து முட்ட வந்த ஒரு ஆட்டுக்கிடா, அதையும் சேர்த்துக்கொள்ளலாம், வந்தவர்களிலேயே வழக்கோடு வந்தது அது ஒன்றுதான். வெளியே போர்டில் கோகிலவாணி அசோசியேட்ஸ், வழக்கறிஞர்கள் என்று நீலத்தில் எழுதியிருக்கிறது, வழக்கறிஞர்கள் என்று பன்மையில் போட்டாயே, மற்றவங்க எல்லாம் எங்கே என்று மோகனசுந்தரம் கேட்டார், அந்த மனுஷனுக்குப் பாலிடெக்னிக் லேபில் சாமான் எண்ணி எண்ணியே பழக்கம், அவள் சளைக்காமல் சீலிங் ஃபேனையும் தண்ணீர் கேனையும் காட்டினாள், பிறகு ஆள் வரும்போது சேர்த்துக்கொள்ளலாம், போர்டை இன்னொரு தடவை எழுத முடியுமா. ஆடியில் தொடங்கியிருக்கக் கூடாதோ. ஆனியில் திறக்கத்தான் நாள் பார்த்தது, கண்ணாடிக்காரர் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்து ஆனி கடைசி நாளில் கொண்டுவந்து நிறுத்தினார், பால் காய்ச்சினதற்கு மறுநாள் ஆடி ஒன்று. ஆனால் ஆடியில் ஜனங்கள் கல்யாணம் பண்ண மாட்டார்கள், வீடு குடிபோக மாட்டார்கள், சண்டை போடாமல் இருப்பார்களா என்ன, சீனியர் ஆபீஸில் ஆடி மாசத்தில் மாடிப்படி நிறைய ஆள் நிற்குமே. அப்படியானால் ஆடி இல்லை. வேறு என்னவோ. அந்த வேறு என்னவோ தொண்டையில் மாட்டின மீன்முள் மாதிரி இருந்தது, கூடவே முடிவில்லாமல் அந்தப் படியும் ஞாபகம் வந்துகொண்டிருந்தது.

அந்தப் படி மேல் அவளுக்கு எவ்வளவு ஆத்திரம். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்து, சந்துக்குள் ஒரு இருட்டு வாசல், அதற்குள் செங்குத்தாகப் பதினெட்டுப் படி, பகலிலும் சுவரைத் தடவித்தான் ஏற வேண்டும், அந்தப் படியில்தான் கட்சிக்காரர்கள் மணிக்கணக்காக நிற்பார்கள், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களைக்கூடப் பார்த்திருக்கிறாள். மேலே போனாலும் உட்காரச் சொல்கிறவர் கிடையாது. எட்டு வருஷமாக நடக்கிற கேஸ் எந்த இடத்தில் நிற்கிறது என்று கேஸுக்குச் சொந்தக்காரருக்கே தெரியாது, குமாஸ்தா வாய்தா தேதியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார், அதை மடியில் முடிந்துகொண்டு கும்பிட்டுவிட்டுப் போவார்கள், அன்றைக்குக் கோர்ட்டில் என்ன நடந்தது என்று கேட்டால், நடக்க வேண்டியது நடந்துதுங்க என்பார் பழனியப்பன். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் அவள் இதை யோசித்தாள், பதினோரு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாக, பஸ்ஸில் போகும்போதும் சோறு வடிக்கும்போதும். வருகிறவர் உட்கார மெத்தை வைத்த நாற்காலி. எவ்வளவு ஆகும் என்பதை முதல் நாளே முழுசாகச் சொல்லி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவது, கூலிக்குப் போகிறவரும் தாங்குகிற மாதிரி. ஒவ்வொரு வாய்தாவுக்கும் சாயங்காலம் நாலு வரித் தமிழில் வாட்ஸ்அப், படிக்கத் தெரியாதவருக்குக் குரலில் பேசி அனுப்புவது. கோர்ட்டில் போடுகிற ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு நகல் அவர் கையில். இதில் எதையும் ஊரில் தமுக்கடிக்க முடியாது, வக்கீல் விளம்பரம் பண்ணக் கூடாது என்பது சட்டம், வந்து பார்த்தவர் போய்ச் சொன்னால்தான் உண்டு, வருவதற்குத்தான் ஆள் இல்லை. சகாயமாகச் செய்கிறேன் என்றால் சரக்கு மட்டம் என்று நினைத்துவிட்டார்களோ. நேற்று ராத்திரி அரை மணி நேரம் தூங்காமல் அதையே புரட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் உள்ளே வந்து கேட்டால்தானே சகாயம் என்றே தெரியும், கேட்காமலே எப்படி மட்டம் என்று நினைப்பார்கள், ஆக அதுவும் இல்லை என்று தனக்குத் தானே வாதாடித் தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள், வேறு வழக்கு இல்லாத வக்கீல் வேறு என்ன செய்வாள்.

வெளியே பழனி பஸ் வந்து நின்று போனது. அது போனதும் எதிர் நிறுத்தம் துடைத்துவிட்ட மாதிரி தெரிந்தது, வேப்பமரம், அதன் கீழே நாலு பேர், இந்தப் பக்கம் ஒட்டினாற்போல் ரங்கசாமி அண்ணன் பேக்கரி, அதன் வாசலில் டீ டம்ளரோடு ஏழெட்டு ஆம்பளைகள், எல்லாம் இந்தக் கண்ணாடி வழியாகப் பளிச்சென்று. காற்று ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தில் மாட்டியது. அப்புறம் அந்த ஊதாப்பூச் சேலை. கோகிலவாணிக்கு அந்தச் சேலையைத் தெரியும், இல்லை, சேலையைத் தெரியாது, ஆளைத் தெரியும், ஐம்பத்தைந்து வயசிருக்கும், கையில் பச்சை ஒயர்க்கூடை, நேற்றும் முந்தாநாளும் இதே நேரத்துக்கு இந்தப் பக்கம் போனார், போய்ப் பேக்கரி ஓரத்தில் நின்று ஒரு பன்னை வாங்கி, அப்படி மெதுவாக யாரும் பன் தின்று அவள் பார்த்ததில்லை, ஒவ்வொரு விள்ளலாகப் பிய்த்து, ரோட்டைப் பார்த்து, போர்டைப் பார்த்து, மறுபடி ரோட்டைப் பார்த்து. இன்றைக்கும் அதேதான். கதவுக்கு நேராக வரும்போது நடை கொஞ்சம் தளர்ந்தது, கண் உள்ளே வந்து நாற்காலியைத் தொட்டது, கோகிலவாணி வாங்க என்று சொல்வதற்கு எழுந்து சிரித்தாள், அவ்வளவுதான், அந்த அம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார். சிரித்திருக்கக் கூடாதோ. பல் தெரியச் சிரித்தால் வியாபாரி மாதிரி இருக்குமோ. உதட்டை மூடிச் சிரித்துப் பார்த்தாள், கண்ணாடியில் தெரிந்த முகம் பல்வலிக்காரி முகமாக இருந்தது. திரும்ப வந்தார் அந்த அம்மாள், இந்தத் தடவை பஸ் பார்க்கிற பாவனையில், பேக்கரி வாசலில் ஒரு ஆள் யாரையோ அத்தைய் என்று கூப்பிட்டதும் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினார், அவரைக் கூப்பிடவில்லை, ஆனாலும் போய்விட்டார். யாருக்கோ பயப்படுகிற ஆள். வக்கீலுக்கா. இல்லை, வக்கீலுக்குப் பயப்படுகிறவர் வக்கீலைத்தான் பார்ப்பார், இவர் ரோட்டையல்லவா பார்க்கிறார்.

ரோட்டைப் பார்ப்பது. இப்படி ரோட்டைப் பார்த்துப் பார்த்து நடந்த ஒருத்தியை அவளுக்கு நன்றாகத் தெரியும், யார் அது, ஞாபகம் நுனியில் நின்று வழுக்கியது, தண்ணீர் கேனைச் சாய்த்து ஒரு டம்ளர் குடித்தாள், கேனுக்குள் குமிழி மேலே போயிற்று, குமிழியோடு ஹெல்மெட் வந்தது. அட, நான்தான். மகள் வர்ஷினி பிறப்பதற்கு முந்தி, கல்யாணமாகி ஆறு வருஷம், கோயம்புத்தூரில் குழந்தைப்பேறு டாக்டர் ஒருத்தரைப் பார்க்க அவளும் மோகனசுந்தரமும் பைக்கில் போனார்கள், வீட்டில் சொன்னது கல்யாணத்துக்குப் போகிறோம் என்று, டாக்டர் வீட்டு வாசலில் இம்மாம் பெரிய போர்டு, கொழுகொழு என்று ஒரு பாப்பா படம், எதிரே ஒரு மண்டபம், மண்டபத்து வாசலில் யாரோ தெரிந்த முகம் மாதிரி இருந்தது, இவர்கள் நிறுத்தாமல் போய்விட்டார்கள். திரும்பி வந்து மறுபடியும் நிறுத்தாமல் போனார்கள். மூன்றாவது சுற்றில் ஒரு பேக்கரி, ஆமாம், அங்கேயும் பேக்கரிதான், இந்தச் சீமையில் மனுஷன் தயங்கி நிற்பதற்கென்றே பேக்கரி வைத்திருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு பப்ஸ் தின்றார்கள். கடைசியில் டாக்டர் வீட்டை ஒட்டின மருந்துக்கடைக்குள் போய்த் தலைவலி மாத்திரை கேட்டால், அந்தக் கடைக்காரர் ஹெல்மெட்டோடு நிற்கிற இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, மாத்திரையை எடுக்காமல், பின்னால இருக்கற கதவு வழியா போங்க, நேரா டாக்டர் ரூம்தான் என்று சொன்னார். எத்தனை பேரைப் பார்த்திருப்பார். உள்ளே போய் உட்கார்ந்து டோக்கன் வாங்கின பிறகும் இரண்டு பேரும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, நர்சு வந்து, காத்து வரட்டும், கழட்டுங்க என்று சொல்லித்தான் கழற்றினார்கள். கோகிலவாணி ஆபீஸில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேக்கரி, பேக்கரி வாசலில் ஏழெட்டு ஆம்பளைகள், எல்லாருடைய முகமும் இந்தப் பக்கம், பைத்தியக்காரப் பெண்பிள்ளை தனியாகச் சிரிக்கிறாளே என்று டம்ளரை வாயில் வைத்தபடி பார்க்கிறார்கள். பார்க்கிறார்கள். அவள் சிரித்தால் தெரிகிறது, துடைத்தால் தெரிகிறது, இந்த மெத்தை நாற்காலியில் ஒருத்தர் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினால் எதிர் நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறவர் வரைக்கும் தெரியும். கண்ணாடிக்காரர் கேட்டாரே, கேட்டாரே அந்தப் புண்ணியவான், "பால் கலர்ல ஸ்டிக்கர் ஒட்டிப்போடட்டுங்களா, உள்ள இருக்கறது தெரியாதுங்க" என்று. இவள்தான் நிமிர்ந்து நின்று, "வேண்டாங்க, மறைக்கறதுக்கு எங்ககிட்ட ஒண்ணுமில்லீங்க" என்று வசனம் பேசினாள். உனக்கு இல்லை தாயே. வருகிறவர்களுக்கு இருக்கிறதே. பதினோரு வருஷம் வைத வசவு எல்லாம் வாங்கிக்கொண்டு அந்த இருட்டுப் படி ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தது, செருப்பைக்கூடக் கீழே விடாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்களே, கீழே கிடந்தால் அடையாளம் தெரிந்துவிடும் என்றுதானே. அதை மரியாதை என்று நினைத்து ஆத்திரப்பட்டவள் இவள். முகம் காதுவரைக்கும் சூடாயிற்று, வெட்கமாக இருந்தது, அந்த வெட்கத்துக்கு அடியில் சந்தோஷம் குறுகுறுத்தது, ஏனென்றால் இது ஆடியும் இல்லை, சகாயமும் இல்லை, அவளும் இல்லை, வெறும் கண்ணாடி.

மணி பதினொன்றே முக்கால். ஸ்டிக்கர் ஒட்டக் கண்ணாடிக்காரருக்குப் போன் பண்ணினால் ஆடிப்பெருக்கு நோம்பி கழிந்து வருகிறேன் என்பார், மனுஷர் ஆனியை ஆடியாக்கினவர். பேப்பர் ஒட்டினால் காலி பண்ணிவிட்டுப் போன கடை மாதிரி இருக்கும். சுற்றுமுற்றும் பார்த்தாள், நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் கவுன் தொங்கியது, வக்கீலாகப் பதிவு பண்ணின அன்றைக்கு மெட்ராஸில் போட்டது, கீழ்க்கோர்ட்டில் அதைக் கட்டாயம் போட வேண்டும் என்றில்லை, கோட்டும் கழுத்துப் பட்டையும் போதும், ஆகவே வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று கெத்துக்காக மாட்டி வைத்திருந்தாள். நல்ல அகலம். கதவுக்கு மேலே சட்டத்தில் மாவிலைத் தோரணம் கட்டின கொக்கிகள் இரண்டு இருந்தன, தோரணம் காய்ந்து சருகாகித் தொங்கியது, அதை அவிழ்த்தாள், ஸ்டூலில் ஏறினாள், இந்தக் கொக்கியில் ஒரு கையும் அந்தக் கொக்கியில் ஒரு கையுமாகக் கவுனை விரித்து மாட்டினாள். பேக்கரி காணாமல் போனது. நிறுத்தம் போனது. அறை கொஞ்சம் இருட்டாயிற்று, ட்யூப்லைட்டைப் போட்டாள். ஸ்டூலை எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள், இப்போது அவளுக்கும் வெளியே தெரியாது, ஊதாப்பூச் சேலை இருக்கிறதா போய்விட்டதா என்றுகூடத் தெரியாது, பஸ் சத்தம், காற்று, டம்ளர் கழுவுகிற சத்தம், யாரோ இருமுவது. பத்து நிமிஷம். ஒரே ஒரு ஆள். போயிருந்தால், நாளைக்கு நோம்பி, நாளன்னைக்கு நான் இருப்பேனா இங்கே, அந்தப் படியில் சுவரைத் தடவிக்கொண்டு ஏறுவேன், பழனியப்பன் அண்ணன் வாங்கம்மிணி என்பார், யாரும் ஒரு வார்த்தை குத்திக் காட்ட மாட்டார்கள், அதுதான் தாங்காது. பழனிக்குப் போகிற அடுத்த பஸ் வந்து கதவுக்கு நேராக உறுமிக்கொண்டு நின்றது, கண்ணாடி அதிர்ந்தது, கவுன் ஆடியது, கதவு ஒரு சாண் திறந்தது, திறந்த சந்தில் முதலில் பச்சை ஒயர்க்கூடை வந்தது.

"வாங்கக்கா" என்றாள் கோகிலவாணி, குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது. அந்த அம்மாள் உள்ளே வந்து கதவுக்கு முதுகைக் கொடுத்து ஒரு மூச்சு விட்டார். "உக்காருங்க" என்று காட்டின நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மெத்தையைக் கையால் ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு நன்றாகத் தள்ளி உட்கார்ந்தார். பேர் மாராத்தாளாம், கணியூருக்குப் பக்கத்தில் தோட்டம். "மூணு நாளா வாரனுங்க. தெனம் ரெண்டு தேங்காய் பன்னு. இனிமேல்ட்டு சென்மத்துக்கும் பன்னு வேண்டாமுங்க." கோகிலவாணிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கரித்தது. "என்ன விஷயமுங்கக்கா?" மாராத்தாள் கவுனைத் திரும்பிப் பார்த்தார். "என்ற அண்ணனுக ரெண்டு பேரு மேலயும் கேசு போடோணுமுங்க. அப்பன் சொத்துல எனக்கும் பங்கு இருக்குதுன்னு கேட்டதுக்கு, நோம்பிச் சீரு தாரமே, பத்தாதான்னு கேக்கறாங்க. நாளைக்கும் சேலை கொண்டாருவாங்க. வக்கீலைப் பாத்தேன்னு தெரிஞ்சா ஊரே என்னயத்தான் பேசும். சின்ன அண்ணன் மவன் இந்தப் பேக்கரிலதான் டீ குடிப்பான்." குரல் இறங்கிவிட்டது. "கேசை நீங்களே நடத்துங்க அம்மிணி. வெளிய இருந்து பாத்தா நான் இங்க இருக்கறது தெரியுமுங்களா?" தெரியாது என்று சொல்லிவிடலாம். ஆனால் இனிமேல் பார்க்காத ஒன்றைச் சொல்வதில்லை என்றுதானே ஆபீஸ் போட்டது. "இருங்கக்கா, பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று எழுந்தாள்.

வெளியே காற்று முகத்தில் மண்ணை அள்ளி வீசியது. ரோட்டைத் தாண்டி வேப்பமரத்தடியில் நின்று தன் ஆபீஸைத் தானே பார்த்தாள், நீலப் போர்டு, அதன் கீழே கறுப்புக் கவுன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, வேறு ஒன்றும் தெரியவில்லை. கத்த வேண்டும் போல் இருந்தது, ரோட்டில் போகிற பஸ்ஸை எல்லாம் நிறுத்தி வந்துட்டாங்க, ஒருத்தர் வந்துட்டாங்க என்று சொல்ல வேண்டும் போல் இருந்தது, பதினெட்டு நாள் இதற்காகத்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தது, வந்த பிறகு பார்த்தால் இதை யாரிடமும் சொல்ல முடியாது, மோகனசுந்தரத்திடம்கூடப் பேரைச் சொல்ல முடியாது. திரும்பி ரோட்டைத் தாண்டும்போது பேக்கரி ரங்கசாமி அண்ணன் கல்லாவிலிருந்து தலையை நீட்டினார், தினமும் கேட்கிறதுதான். "என்னுங்க வக்கீலம்மிணி, கதவுல துணியெல்லாம் தொங்குது, இன்னைக்காச்சும் போணி ஆச்சுங்களா?" டம்ளர் பிடித்த ஏழெட்டு முகமும் திரும்பியது, அதில் ஒன்று மாராத்தாளின் அண்ணன் மகனாக இருக்கலாம். "எங்கீங்கண்ணா" என்றாள் கோகிலவாணி, உதட்டைக் கடித்துக்கொண்டு, "வெயிலடிக்குதுன்னு மாட்டினனுங்க." அப்போதுதான் கையில் போன் அடித்தது. சரியாகப் பன்னிரண்டு. பழனியப்பன் அண்ணன் அங்கே கேட்டது ரங்கசாமி அண்ணன் இங்கே கேட்டதையேதான். "அம்மிணி, யாராச்சும் வந்தாங்களா?"

"யாரும் வரலீங்கண்ணா."

"அப்பறமென்ன, நோம்பி முடிஞ்சு நாளன்னைக்கு வந்துருங்க. சேரைத் தொடச்சு வெக்கச் சொல்றேன்."

"இல்லீங்கண்ணா, சீனியர்கிட்டச் சொல்லிருங்க. வேற ஆளைப் போட்டுக்கட்டும்" என்றாள். "யாருமே வரலீங்கறீங்க, அப்பறம் அங்க உக்காந்து என்ன பண்றீங்க?" என்றார் பழனியப்பன், நிஜமாகவே புரியாமல். "வேலை இருக்குதுங்கண்ணா" என்று போனை அணைத்துவிட்டு, கதவை ஒரு சாண் மட்டும் திறந்து உள்ளே போய், "ஒண்ணுமே தெரியலீங்கக்கா, நீங்க மொதல்ல இருந்து சொல்லுங்க" என்று பேனாவை எடுத்தாள்.